குறைந்த வருமானத்தில் உளநல ஆலோசனை பெறுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

உளநல ஆலோசனை வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பலர், தேடத் தொடங்கிய முதல் நாளிலேயே தேடலைக் கைவிட்டு விடுகிறார்கள். கண்ணில் பட்ட முதல் ஆலோசகரின் ஓர் அமர்வுக் கட்டணத்தைப் பார்க்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று என்று ஆண்டு முழுவதற்கும் பெருக்குகிறார்கள். இது நமக்கு எட்டாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்சினைகளுக்கான பேச்சுவழிச் சிகிச்சைகள் பலவும் ஐந்து முதல் இருபது அமர்வுகளுக்குள் முடியும்படி வகுக்கப்பட்டவை என்பது ஒன்று. அறிவிக்கப்பட்ட கட்டணம் எல்லோரும் கட்டுகிற கட்டணம் அல்ல என்பது மற்றொன்று. ஒவ்வொரு நாட்டிலும் சட்டமும் நிர்வாக அமைப்பும் வேறுபடும் என்பதால், ஏறக்குறைய எங்கும் ஏதோ ஒரு வடிவில் இருக்கக்கூடிய வாசல்களையும், அவற்றைத் தட்ட வேண்டிய வரிசையையும், உள்ளே போனபின் கொடுத்த காசுக்கு முழுப்பயன் பெறும் வழியையும் இங்கே பார்க்கலாம்.

படி 1: அவசரநிலையா என்று முதலில் பாருங்கள்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது, அதற்கான வழியை மனம் திட்டமிடுகிறது, பிறர் கேட்காத குரல்கள் கேட்கின்றன, பல இரவுகளாகத் தூக்கமே இல்லாமல் உடலும் பேச்சும் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடுகின்றன என்றால், குறைந்த கட்டணத்தில் ஆலோசகரைத் தேடும் வேலையை ஒத்திவைத்துவிட்டு, அன்றே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நம்பகமான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தீங்கு செய்துகொள்ளப் பயன்படக்கூடிய மருந்துகளையும் பொருள்களையும் அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

அந்த நேரத்தில் தனியாக இருந்தால் தொலைபேசி உதவி எண்ணை அழைக்கலாம். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் ஒரே ஒரு தொலைபேசியை வைத்துத் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பிலிருந்து பரவிய வழக்கம் இது. இன்று பிஃப்ரெண்டர்ஸ் வேர்ல்டுவைட் என்னும் கூட்டமைப்பின் இணையதளத்தில் நாடுவாரியாக இத்தகைய மையங்களைத் தேட முடியும். உதவி எண்ணைச் சாகும் தறுவாயில் இருப்பவர்கள் மட்டுமே அழைக்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. தாங்க முடியாத ஓர் இரவைக் கடப்பதற்காக அழைப்பதும் முறையான அழைப்பே. அருகில் எங்கே இலவசமாகவோ குறைந்த செலவிலோ ஆலோசனை கிடைக்கும் என்ற தகவலும் அவர்களிடம் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

படி 2: யாரிடம் போக வேண்டும் என்று தீர்மானியுங்கள்

தவறான ஆளிடம் போவதைவிட அதிகமாகக் காசை விரயமாக்கும் செயல் வேறில்லை. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் படிப்பு முடித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் மனநிலையை மதிப்பீடு செய்து, பேச்சுவழிச் சிகிச்சை தருவார். உளநல ஆலோசகர் உறவுச் சிக்கல், இழப்பு, வேலை நெருக்கடி, மிதமான மனச்சோர்வு போன்றவற்றில் துணை நிற்பார். மனநலச் சமூகப் பணியாளரைப் பலரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வறுமையும் மனவருத்தமும் பின்னிக்கிடக்கும் இடத்தில் எந்த அரசு உதவிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதை அறிந்தவர் பெரும்பாலும் அவர்தான்.

எங்கு தொடங்குவது என்று தெரியாதவர்கள் பொது மருத்துவரிடமே தொடங்கலாம். தைராய்டு சுரப்பு குறைவது, இரத்தசோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவை மனச்சோர்வைப் போலவே தோன்றும் சோர்வையும் ஆர்வமின்மையையும் உண்டாக்கக்கூடும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை, தேவையற்ற பல அமர்வுகளின் செலவை மிச்சப்படுத்திவிடலாம்.

போவதற்கு முன் உங்கள் மனச்சோர்வைத் தோராயமாக அளந்துகொள்ள, பி.எச்.கியூ-9 என்னும் வினாத்தாள் உதவும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் என்றால் ஒரு மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசத்தக்க நிலை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்னும் ஏழு கேள்விகள் கொண்ட தாள் உண்டு. இரண்டும் இலவசம்; பல மொழிகளில் கிடைக்கின்றன. இவை நோயை உறுதிசெய்யும் கருவிகள் அல்ல, நிலையைச் சுட்டும் கருவிகள் மட்டுமே. முதல் தாளின் ஒன்பதாம் கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் அல்லாத எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதை மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ தாமதிக்காமல் சொல்லிவிட வேண்டும். விடைத்தாளைத் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படி 3: அமர்வுக்கு அல்ல, முழுச் சிகிச்சைக்குக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் நான்கு செலவுகளை எழுதுங்கள்: அமர்வுக் கட்டணம், போக்குவரத்து, அந்த நேரத்தில் இழக்கும் கூலி, குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதற்கான செலவு. தினக்கூலிக்கு வேலை செய்கிறவருக்கு மூன்றாவது செலவு முதலாவதை விஞ்சிவிடுவது உண்டு. நகரின் மறுகோடியில் கிடைக்கும் இலவச ஆலோசனை, பக்கத்துத் தெருவில் கிடைக்கும் குறைந்த கட்டண ஆலோசனையைவிட அதிகச் செலவு பிடிப்பதும் இதனால்தான். இந்தக் கூட்டுத்தொகையை ஆறால் அல்லது எட்டால் பெருக்கிப் பாருங்கள். உங்கள் முதல் இலக்கு அதுதான்.

ஏன் ஆறு, எட்டு? சில செய்திகளைச் சொன்னால் விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பி.எம்.+ என்னும் பிரச்சினை மேலாண்மைத் திட்டம் ஐந்தே அமர்வுகள் கொண்டது. தொழில்முறை உளவியலாளர் அல்லாத, ஆனால் முறையான பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற சாதாரண மனிதர்கள் நடத்துவதற்காகவே எழுதப்பட்டது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், மருத்துவர்கள் போதாத நிலையில், பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சுகாதார நிலைய வளாகத்து மரப் பலகைகளில் அமர்ந்து மக்களிடம் பேசவைத்தார். ஆறு அமர்வுகள் கொண்ட அந்த 'நட்புப் பலகை' முறை, வழக்கமான கவனிப்பைவிட மனச்சோர்வை நன்றாகக் குறைத்தது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான மற்றோர் ஆய்வு, கைவிட்ட சிறு செயல்களை மீண்டும் தொடங்கவைக்கும் செயலூக்கச் சிகிச்சை என்னும் எளிய முறையை இளநிலை மனநலப் பணியாளர்கள் தந்தபோது, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தேர்ந்த சிகிச்சையாளர்கள் தருவதற்கு அது தாழ்ந்துவிடவில்லை என்றும், செலவு குறைவாக இருந்தது என்றும் கண்டது.

விலை குறைந்ததெல்லாம் தரம் குறைந்தது என்ற தாழ்வுணர்ச்சியோடு தேடலைத் தொடங்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். அதேசமயம், சிறுவயதில் நேர்ந்த கொடுமைகளின் நீண்ட பாதிப்பு, இருமுனை மனநோய், மனச்சிதைவு, கடுமையான உணவுண்ணல் கோளாறு ஆகியவை ஆறு அமர்வுகளில் அடங்குபவை அல்ல. அவற்றுக்குப் பொது மருத்துவமனையின் தொடர் சிகிச்சையை அடித்தளமாக வைத்துக்கொண்டு, தனியார் ஆலோசனையை அதன்மேல் சேர்ப்பதே கட்டுப்படியாகும் வழி.

படி 4: வாசல்களை வரிசையாகத் தட்டுங்கள்

முதலில் பொது மருத்துவமனையும் அரசு சார்ந்த சமூக மனநல மையங்களும். இங்கே நேரும் பெரிய ஏமாற்றம் ஒன்றை முன்பே அறிந்துகொள்வது நல்லது. கூட்டத்தின் நடுவே மருத்துவர் சில நிமிடங்கள் பேசி மாத்திரை எழுதித் தருவார். இதுதான் ஆலோசனையா என்று மனம் நொந்து திரும்புகிறவர்கள் ஏராளம். அது ஆலோசனை அன்று, மருத்துவப் பரிசோதனை. பல பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ உளவியல் பிரிவும் சமூகப் பணிப் பிரிவும் தனியாக இருக்கும்; "பேச்சுவழிச் சிகிச்சைக்கும் என்னைப் பரிந்துரைக்க முடியுமா?" என்று வாய்விட்டுக் கேட்டால்தான் பெரும்பாலும் அந்தச் சீட்டு கைக்கு வரும். மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னாலும் செலவை நினைத்து உடனே அஞ்ச வேண்டியதில்லை. மனச்சோர்வுக்குப் பயன்படும் ஃபுளுவாக்ஸெட்டின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளது. அது பழைய மருந்து என்பதால் வணிகப் பெயரின்றியும் கிடைக்கிறது. வணிகப் பெயரில்லாத மருந்தாக எழுதித் தரும்படி கேளுங்கள். காசில்லை என்பதற்காக மருந்தைத் திடீரென நிறுத்துவது மட்டும் ஆபத்து. நிறுத்த வேண்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது வாசலே என் கணிப்பில் அதிகம் பயன்படாமல் கிடப்பது: உளவியல், ஆலோசனை, சமூகப் பணி ஆகியவற்றைக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களின் பயிற்சி ஆலோசனை நிலையங்கள். முதுநிலை மாணவர்கள் குறிப்பிட்ட மணிநேரம் நேரடிப் பயிற்சி பெற்றால்தான் பட்டம் கிடைக்கும் என்பதால், அவர்களுக்கு உங்கள் வருகை தேவைப்படுகிறது. கட்டணம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். மாணவர்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர்களுடைய பணியை அனுபவமிக்க ஒருவர் மேற்பார்வையிடுவது வழக்கம். தனியாகத் தொழில் செய்யும் பலருக்கு இந்த அளவு மேற்பார்வை இருப்பதில்லை. ஆனால் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். அமர்வுகள் பதிவு செய்யப்படுமா, அந்தப் பதிவை யார் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள்? கல்வியாண்டு முடிந்து மாணவர் போய்விட்டால் என்னை யார் தொடர்ந்து பார்ப்பார்? அவசரநிலை ஏற்பட்டால் யாரை அழைப்பது?

மூன்றாவது, ஏற்கெனவே உங்களுக்கு உரிமையாக இருந்தும் நீங்கள் அறியாமல் இருக்கக்கூடியவை. பணிபுரியும் நிறுவனம் ஊழியர் உதவித் திட்டம் வைத்திருக்கலாம். அதில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அமர்வுகள் இலவசம். வேலையளிப்பவருக்கு யார் யார் வந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் போகுமா என்பதை முதல் அழைப்பிலேயே, உங்கள் பெயரைச் சொல்லும் முன்பே கேளுங்கள். மாணவராக இருந்தால் கல்லூரி ஆலோசனை மையம் உண்டா என்று விசாரியுங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், உள்நோயாளியாகச் சேராமல் பெறும் ஆலோசனைக்கும் அது செல்லுபடியாகுமா என்று எழுத்தில் பெறுங்கள். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு கட்டாயம் என்ற நிபந்தனை இருந்தால், சீட்டை வாங்கிய பிறகே முதல் அமர்வுக்குச் செல்லுங்கள், ஏனெனில் அதற்கு முந்தைய தேதியிட்ட பில்லை அவர்கள் நிராகரிக்கக்கூடும்.

தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு துன்பத்தை மையமாக வைத்து இயங்குகின்றன: குடும்ப வன்முறை, போதைப் பழக்கம், புற்றுநோய், அகதி வாழ்க்கை, குழந்தை இழப்பு என்று. ஆகவே "இலவச ஆலோசனை" என்று பொதுவாகத் தேடுவதைவிட உங்கள் துன்பத்தின் பெயரைச் சொல்லித் தேடினால் சரியான இடம் விரைவில் அகப்படும்.

குழுச் சிகிச்சையும் சகாக் குழுவும் ஒன்றல்ல. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் எட்டுப் பத்துப் பேரை ஒன்றாக அமர்த்தி நடத்துவது முதலாவது; ஒருவருடைய நேரத்தின் செலவைப் பலர் பகிர்ந்துகொள்வதால் தலைக்கு ஆகும் கட்டணம் குறைகிறது. அதே துன்பத்தைக் கடந்தவர்களே ஒருவருக்கொருவர் துணை நிற்பது இரண்டாவது. 1935-இல் அமெரிக்காவில் குடியை விட விரும்புவோருக்காகத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. கட்டாயக் கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் சொல்ல வேண்டியதில்லை. குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென அல்-அனான் தனியாக இருக்கிறது. ஒரு கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் வேறொரு கூட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஏனெனில் ஒவ்வொரு குழுவின் சூழலும் அங்கே வருபவர்களைப் பொறுத்தே அமைகிறது.

இணையவழி ஆலோசனை போக்குவரத்துச் செலவையும் கூலி இழப்பையும் குறைக்கிறது. மாதச்சந்தா வாங்கும் செயலிகளில் சேரும் முன், அந்தத் தொகைக்கு உயிருள்ள ஒருவருடன் நேரடியாகப் பேசும் நிமிடங்கள் எத்தனை என்று மட்டும் கணக்கிடுங்கள். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் பணம் தானாகப் பிடிக்கப்படுமா என்பதையும், நீங்கள் எழுதுவது எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

படி 5: கட்டணக் குறைப்பைக் கேளுங்கள்

தனியார் ஆலோசகர்களில் கணிசமானோர் வருமானத்துக்கேற்ற கட்டண முறையை வைத்திருக்கிறார்கள். வாரத்தில் சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கென ஒதுக்கிவைப்பார்கள்; ஆனால் அதை விளம்பரப்படுத்துவோர் குறைவு. கேட்டவருக்கே அது கிடைக்கிறது. கேட்பது கையேந்துவதாகாதா என்று கூசுகிறவர்கள், இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதை நினைத்துக்கொள்ளலாம். 1918-இல் புடாபெஸ்டில் நடந்த மாநாட்டில், உளப்பகுப்பாய்வு என்னும் பேச்சுவழிச் சிகிச்சையைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃப்ராய்டு, ஏழைக்கு உயிர்காக்கும் அறுவைச் சிகிச்சையில் எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை உளச்சிகிச்சையிலும் உண்டு என்ற கருத்தை முன்வைத்தார். 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் வசதியற்றவர்களுக்கான உளப்பகுப்பாய்வு நிலையங்கள் திறக்கப்பட்டன. ஆக, இந்தத் தொழிலுக்குள்ளேயே ஒரு நூற்றாண்டாக இருந்துவரும் ஏற்பாட்டைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

நேரில் கேட்கத் தயங்கினால் எழுதிக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம். சில மாதங்களாகப் பதற்றத்தாலும் தூக்கமின்மையாலும் அவதிப்படுகிறேன். உங்களிடம் ஆலோசனை பெற விரும்புகிறேன். என் வருமானத்தில் அமர்வுக்கு இவ்வளவு தொகை வரை மட்டுமே என்னால் தவறாமல் தர முடியும். குறைந்த கட்டணத்தில் இடம் ஏதும் உண்டா? இப்போது இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துக்கொள்வீர்களா? வேறு யாரையாவது பரிந்துரைக்க முடிந்தாலும் நன்றியுடையவனாவேன்." தொகையை எண்ணால் குறிப்பிடுவது முக்கியம். "கொஞ்சம் குறைக்க முடியுமா" என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்வது எளிது. குறிப்பிட்ட தொகையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் யோசித்தாக வேண்டும். கடைசி வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள். ஓர் ஆலோசகருக்கு ஊரில் யார் குறைவாக வாங்குகிறார்கள் என்பது தெரிந்திருக்கும். மறுப்புக் கடிதமே அடுத்த முகவரியைத் தந்துவிடுவது உண்டு.

கட்டணம் குறையாது என்றால் வடிவத்தை மாற்றக் கேட்கலாம்: வாரம் ஒன்றுக்குப் பதில் இரு வாரத்துக்கு ஒன்று, முழு அமர்வுக்குப் பதில் அரைநேர அமர்வு, நேரில் ஒன்று தொலைபேசியில் ஒன்று என மாற்றி மாற்றி. முதல் மூன்று நான்கு அமர்வுகளை நெருக்கமாக வைத்துவிட்டுப் பிறகு இடைவெளி விடுவது, தொடக்கத்திலிருந்தே இடைவெளி விடுவதைவிட மேல் என்பது என் எண்ணம். வாராமல் போன அமர்வுக்கும் கட்டணம் உண்டா, எத்தனை மணிநேரத்துக்கு முன் சொன்னால் ரத்து செய்யலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். குறைந்த வருமானக்காரரின் வேலை நேரம் அவர் கையில் இருப்பதில்லை என்பதால் இந்த ஒரு விதி பல மாதச் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடும்.

படி 6: தகுதியைச் சரிபாருங்கள்

குறைந்த கட்டணம் என்றதும் வந்து நிற்பவர்களில் தகுதியற்றவர்களும் இருப்பார்கள். என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார், யார் மேற்பார்வையிடுகிறார் என்று கேட்பது உங்கள் உரிமை. உங்கள் நாட்டில் பதிவேடு இருந்தால் அதில் பெயரைத் தேடுங்கள். நிச்சயம் குணமாக்குவேன் என்று உறுதியளிப்பவர், இருபது அமர்வுகளுக்கு முன்பணம் கேட்பவர், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், தம்மிடமே சத்துமாவோ மூலிகையோ வாங்கச் சொல்பவர், நட்பையோ உடல் நெருக்கத்தையோ தேடுபவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். இரகசியம் எதுவரை காக்கப்படும், எந்தச் சூழலில் அதை மீற வேண்டியிருக்கும் என்பதை முதல் அமர்விலேயே விளக்குபவர் நல்ல பயிற்சி பெற்றவர் என்று கொள்ளலாம்.

படி 7: காத்திருக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள்

இலவச இடங்களில் பட்டியல் நீளும். ஒன்றில் மட்டும் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திராமல் மூன்று நான்கு இடங்களில் கொடுங்கள். மாதம் ஒருமுறை அழைத்து, திடீரென ரத்தாகும் நேரத்துக்கு உடனே வர முடியும் என்று சொல்லி வையுங்கள். நிலைமை மோசமானால் அதையும் தெரிவிக்க வேண்டும். வரிசை பெரும்பாலும் தேவையின் கடுமையைப் பார்த்து மாறும்.

அதுவரை, செயலூக்கச் சிகிச்சையின் அடிப்படையை நீங்களே தொடங்கலாம். மனச்சோர்வு வந்தவர் செயல்களைக் குறைக்கிறார். செயல் குறைவதால் மகிழ்ச்சிக்கும் சாதனை உணர்வுக்குமான வாய்ப்பு குறைகிறது. அதனால் சோர்வு கூடுகிறது. மனம் வந்தபின் செய்வோம் என்று காத்திராமல், குறித்த நேரத்தில் ஒரு சிறு செயலைச் செய்துவிட்டு, செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று குறித்துவைப்பதே முறை. பத்து நிமிட நடை, ஒருவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, ஓர் அலமாரியைத் துடைப்பது என்ற அளவு போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் படங்களுடன் வெளியிட்ட மன அழுத்தக் கையேடும் ஒலிப்பதிவுகளும் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 8: ஒவ்வோர் அமர்வையும் முழுதாகப் பயன்படுத்துங்கள்

முதல் அமர்வுக்கு ஒரு பக்கக் குறிப்போடு போங்கள்: எப்போது தொடங்கியது, என்னென்ன பாதிக்கப்பட்டிருக்கிறது, ஏற்கெனவே என்ன மருந்து, என்ன முயற்சி, பி.எச்.கியூ மதிப்பெண் எவ்வளவு. வரலாற்றைச் சொல்வதிலேயே இரண்டு அமர்வுகள் கழிவதை இந்த ஒரு பக்கம் தடுக்கும். "என்னால் எட்டு அமர்வுகளுக்குத்தான் முடியும், அதற்குள் எதில் கவனம் வைக்கலாம்?" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எல்லை தெரிந்த ஆலோசகர் அதற்கேற்பத் திட்டமிடுவார். தெரியாதவர் அகலமாகத் தொடங்கிவிடுவார், பணம் தீர்ந்த இடத்தில் சிகிச்சை பாதியில் நிற்கும். ஒவ்வொரு முறையும் அடுத்த அமர்வுக்குள் செய்துபார்க்க ஒரு பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுக்காத ஆறு நாள்களும் சிகிச்சையின் பகுதியாவது அதனால்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வினாத்தாளை மீண்டும் நிரப்பி, பழைய தாளோடு ஒப்பிட்டு, ஆலோசகரிடம் காட்டுங்கள். நான்காவது ஐந்தாவது அமர்வுக்குள் எந்த அசைவும் இல்லையென்றால் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். குறைந்த கட்டணத்தில் பார்க்கிறாரே என்ற நன்றியுணர்வு பலரை வாய்மூட வைக்கிறது. முறையை மாற்றுவதா, மருத்துவரையும் சேர்ப்பதா, வேறொருவரிடம் அனுப்புவதா என்று முடிவெடுக்க அவருக்கும் அந்தத் தகவல் வேண்டும்.

கடைசி இரண்டு அமர்வுகளுக்கு இடையே மூன்று நான்கு வாரம் விட்டுப் பாருங்கள். கற்றுக்கொண்டது தனியாக நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். இறுதி அமர்வில், மறுபடி சரியத் தொடங்கினால் முதலில் தென்படக்கூடிய அறிகுறிகள் எவை, அப்போது என்ன செய்ய வேண்டும், ஓர் ஒற்றை அமர்வுக்கு அதே கட்டணத்தில் திரும்பி வரலாமா என்பவற்றை எழுதி வாங்குங்கள். சிகிச்சைச் சுருக்கம் ஒன்றையும் கேட்டுப் பெற்று, வினாத்தாள்களோடு ஒரே உறையில் வையுங்கள். ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் வேறோர் ஆலோசகர் முன் அமர நேர்ந்தால், கதையை முதலிலிருந்து சொல்லும் அமர்வுகளின் செலவு அதனால் மிச்சமாகும்.